சீனுவாசன் வண்டியில் வரும் அண்ணன்

திருவக்கரை வந்துவிட்டால் போதும், சீனுவாசன் வண்டியை மர நிழலில் சொருகிவிட்டு, இறங்கியவர்களை ஒரு பெரிய கல்மரத்தின் முன்னால் நிறுத்திவைப்பார். மரங்கள் எப்போது கல்லாயின, எப்படிக் கல்லாயின என்பதெல்லாம் பலகையில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கமே அவர் போகமாட்டார். "இந்தக் கட்டைதாங்க. 'டேய், தண்ணி ஊத்துனா இது துளிர் வுடும்டா'ன்னு எங்கண்ணன் சொல்லிச்சு. நானும் நம்பிக்கினு, குடிக்க வெச்சிருந்த தண்ணி மொத்தத்தையும் ஊத்திட்டேன். ஊரு வந்து சேர்ற வரைக்கும் தொண்ட காஞ்சி ஒரே பேஜாரு!" என்பார். சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். வெள்ளைக்காரர்களுக்கு ஒன்றும் புரியாது, அவர்களும் சிரித்துவைப்பார்கள்.

வானூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கிற ஆரோக்கிய விடுதி ஒன்றில் அவர் வேன் ஓட்டுகிறார். உடம்பையும் மனசையும் தேற்றிக்கொள்ள அங்கே வருகிறவர்களுக்கு விடிந்ததும் யோகா, பிறகு எண்ணெய் மசாஜ், பசித்தால் மண்குவளையில் கஞ்சி. "நம்ம ஊட்டுக் கேப்பைக் கூழுதாங்க. மேல ஒரு புதினா எலய வெச்சி, அதுக்கு வாயில நொழையாத ஒரு பேரையும் வெச்சிட்டாங்க" என்று சீனுவாசன் தோளைக் குலுக்குவார். வாரத்தில் ஒருநாள் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு சுற்றுலா. திருவக்கரை, செஞ்சிக்கோட்டை, கடைசியில் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவாமாத்தூர் கோயில்.

ஆளைப் பார்த்தால் அறுபது சொல்லமாட்டீர்கள். விடுதி கொடுத்த பச்சைச் சட்டை, மீசையில் மட்டும் கொஞ்சம் சாயம். சீட்டுக்கு அடியில் ஒரு துணிப்பை நிறைய அவித்த வேர்க்கடலை, அவர் பாஷையில் மல்லாட்டை, வைத்திருப்பார். விருந்தாளிகள் வெளியில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்பது விடுதி டாக்டரம்மாவின் கட்டளை. அதனால் என்ன, இது வாங்கியது இல்லையே, அவர் கொடுப்பதுதானே! திண்டிவனம் தாண்டியதும் பை பின்சீட்டுக்குக் கைமாறும். செஞ்சியை நெருங்கும்போது அத்தனை பேர் மடியிலும் தோல்தான் கிடக்கும். யாராவது "சீக்கிரம் போகலாமே" என்றால் மட்டும் பிடிக்காது. "மலையப் பாக்க வந்துட்டு ஜல்தி இன்னாத்துக்குங்க?"

செஞ்சியிலும் ராஜா கதை கிடையாது, அண்ணன் கதைதான். மலை ஏறிவிட்டு இறங்கும்போது, காலில் முள் குத்திவிட்டது என்று பொய் சொல்லி அண்ணன் முதுகில் ஏறிக்கொண்ட கதை. சொல்லும்போது அந்த அறுபது வயது முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வரும் பாருங்கள், அதற்கே காசு கொடுக்கலாம். "ஒங்க அண்ணன் இப்ப எங்க இருக்காரு?" என்று யாராவது கேட்டுவிட்டால்தான் வம்பு. "இக்குது, நல்லாத்தான் இக்குது" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகிவிடுவார்.

திருவாமாத்தூரில் அவர் சீட்டைவிட்டு இறங்கவே மாட்டார். "உள்ள வட்டப்பாறை இக்குது. அதுமேல கை வெச்சி பொய் சத்தியம் பண்ணவன் பொழைக்கமாட்டான்னு பேச்சு. போய்ப் பாத்துக்கினு வாங்க." அவ்வளவுதான். சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்வார். களைப்பு போல என்று நினைத்துக்கொண்டு விருந்தாளிகள் போய்விடுவார்கள். பாவம் மனுசன், களைப்பாவது ஒன்றாவது.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்து ஊரில் அண்ணன் ஆனந்தராஜும் அவரும் ஒரே நிலத்தில் பாடுபட்டுக் கொண்டிருந்தவர்கள். அவர்கள் அம்மா செத்த சமயம், அண்ணனின் கைக்குழந்தை மூளைக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அம்மாவின் சங்கிலியை எடுத்துக்கொண்டு அண்ணன் திண்டிவனத்தில் அடகுக்கடைப் படியேறியதைச் சீனுவாசன் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தார். கொழந்தைக்குத்தானே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. கருமாதி அன்று பங்காளிகள் சங்கிலி எங்கே என்று கேட்டபோது, அண்ணன் பயந்துபோய், "சீனுதான் பொட்டியத் தொறந்தான்" என்று சொல்லிவிட்டார்.

விடுவார்களா? இரண்டு பேரையும் வட்டப்பாறைக்கு அழைத்துப்போனார்கள். பழிக்கு ஆளானவன் முதலில் சத்தியம் செய்ய வேண்டும். அவன் செய்துவிட்டால் அடுத்து, பழி சொன்னவன் செய்ய வேண்டும். அதுதான் வழக்கம். சீனுவாசனுக்குக் கை வைப்பதில் என்ன கஷ்டம்? ஒன்றுமில்லை. ஆனால் அடுத்தது அண்ணன் கை. பொய்யோடு வைக்கிற கை. அவர் பாறையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், திரும்பி நடந்துவிட்டார். சத்தியத்துக்குப் பயந்து ஓடுகிறான், அப்போது திருடன் இவன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. மனைவி கலையரசியோடு வானூர் வந்தவர், அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அண்ணனும் தேடி வரவில்லை.

"அந்த ஆளு ஒருநாளு வாயத் தொறந்து உண்மையச் சொன்னாதான் எனக்கு மனசு ஆறும்" என்று கலையரசி இன்றைக்கும் பொருமுவார். "உண்மைய வெச்சிக்கினு நான் இன்னாடி பண்றது? சீனுன்னு ஒருவாட்டி கூப்ட்டா போதும்" என்பார் இவர்.

போன தை மாதம் சுற்றுலா நாளில் வேன் கதவைத் திறந்துவிட்டு நின்றவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. சென்னையில் வேலை பார்க்கிற ஆர்த்தி, பக்கவாதம் வந்து தேறிக்கொண்டிருந்த அப்பாவை மசாஜுக்காக விடுதியில் சேர்த்திருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, இடதுகாலை இழுத்து இழுத்து வந்த அப்பா, ஆனந்தராஜ். அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த குழந்தைதான் இவள்! சீனுவாசனுக்கு அவளை வாரி எடுத்துக் கொஞ்ச வேண்டும்போல் இருந்தது. "பாத்து ஏறும்மா" என்று மட்டும் சொன்னார். அண்ணன் அவரைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று வண்டியில் கதையே இல்லை. திருவக்கரையில் இறங்கியதும் ஆர்த்திதான் பேசினாள். "டிரைவர் அண்ணா, எங்கப்பாவோட தம்பி இந்தக் கல்லுமரத்துக்குத் தண்ணி ஊத்துனாராம். அப்பா எத்தனை தடவ சொல்லியிருக்காரு தெரியுமா! ஏதோ சண்ட, நான் அவரப் பாத்ததேயில்ல." சீனுவாசன் சட்டென்று திரும்பி, சுத்தமாக இருந்த கண்ணாடியையே துடைக்க ஆரம்பித்தார். அங்கேயும் தன் கதை ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது!

திருவாமாத்தூரில் வழக்கம்போல் சீட்டைச் சாய்த்தார். கொஞ்ச நேரத்தில் ஆர்த்தி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அண்ணா, அப்பா அந்தப் பாறைகிட்ட போய் நின்னுக்கிட்டு வரமாட்டேங்கறாரு. எல்லார் முன்னாடியும் ஒண்ணு சொல்லணுமாம். டிரைவரயும் கூட்டியாங்கறாரு!"

அவ்வளவுதான், மனுசன் செருப்பை உதறியது எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை. கோபுர வாசலைத் தாண்டி ஓடினார். வட்டப்பாறையைச் சுற்றிச் சனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனந்தராஜ் வலதுகையைப் பாறைமேல் ஊன்றியிருந்தார். தம்பியைக் கண்டதும் முகம் கோணியது.

"சீனு..." என்றார். வார்த்தை குழறியது. "அம்மா சங்கிலிய... எடுத்தது..."

பின்னாலேயே வந்த ஆர்த்தி, "என்னப்பா? யாரு சங்கிலி?" என்று கேட்டாள்.

சீனுவாசன் ஒரே எட்டில் அண்ணனை நெருங்கினார். "கொழந்த நிக்குதுண்ணா" என்று காதோரம் சொல்லி, தன் உள்ளங்கையால் அண்ணனின் வாயைப் பொத்தினார். ஆனந்தராஜ் தலையை ஆட்டி ஆட்டி அந்தக் கையை விலக்கப் பார்த்தார். விரல்களுக்கு மேல் கண்ணீர் வழிந்தது. சீனுவாசன் கையை எடுக்கவில்லை.