ஊதா விளக்கில் என் முகம்

எழுபதுகளில் ஒரு ஞாயிறு, தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயிலில் என் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைச் சாமியார் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். மறுநாள் கண்ணாடியில் பார்த்தால், என் கழுத்தில் காசு அளவுக்கு ஒரு வெளுப்பு. வெண்குஷ்டமாக இருந்துவிட்டால்? எழுந்து சொல்ல எங்கள் தெருவில் ஆளுக்கா பஞ்சம்?

அம்மாவிடம் சொல்லவே கூசியது. மருந்துக் கடையில் தோல் படைக்குப் போடும் களிம்பை வாங்கி, வருமுன் காப்போம் என்று முகத்துக்கும் சேர்த்து அப்பினேன். மேலே பவுடர். அவ்வளவு புத்திசாலி நான். வெளுப்பு இரண்டானபோது அம்மா பார்த்துவிட்டாள்.

துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று பொய் சொன்னோம். ஊரில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினோம்.

தோல் டாக்டர் ஜன்னலைச் சாத்தி, டியூப் லைட்டை அணைத்து, சின்ன ஊதா விளக்கு ஒன்றை என் பக்கம் திருப்பினார். கைகழுவும் தொட்டிக்கு மேலிருந்த கண்ணாடியில் என் முகமும் கழுத்தும் வெளிர்நீலமாக எரிந்தன.

"மாதாவே! உடம்பெல்லாம் பரவிட்டே!"

அலறிய அம்மா, பிடித்துக்கொண்டிருந்த என் கையை உதறிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றாள்.

"என்னத்தம்மா பூசிருக்க?" என்றார் டாக்டர்.

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா." செத்துப்போகலாம் போலிருந்தது.

கழுவிவிட்டு வந்ததும் மறுபடி விளக்கைப் பிடித்தார். முகத்தில் ஒன்றுமில்லை. கழுத்தில் மட்டும் இரண்டு இடம் மங்கலான மஞ்சள்.

"வெறும் தேமல். முன்னால மின்னுனது களிம்பு. இந்த விளக்குல நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் இருக்கு. சில மருந்து அதை வாங்கி, தெரியிற வெளிச்சமா ஆக்கித் திருப்பிக் குடுக்கும். டியூப் லைட்டுக்குள்ள பூசிருக்க வெள்ளப் பொடி செய்யிறதும் இதத்தான்."

பஸ்ஸில் அம்மா மெதுவாக, "ஏளா, அப்பாட்ட சொல்லிராத" என்றாள்.

"தேமல்தானம்மா? அதுல என்ன இருக்கு?"

"அதில்ல. நான் கைய உதறுனத."

அத்தனை நாளும் என்னை நினைத்தே கூசிக்கொண்டிருந்த எனக்கு, அப்போது அம்மா முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.