பொண்ணை மட்டும் அனுப்பட்டுமா?

இது கட்டிச் சொல்கிற கதை இல்லை. எனக்கே நடந்தது. "மூடுபனியில எதையோ பார்த்து மிரண்டிருப்பே" என்கிறாள் என் அக்கா. சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் கையை யாரும் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்தார்கள்.

என் பெயர் இமெல்தா. அமெரிக்கப் பக்கம், எல்லையை ஒட்டிய சூலா விஸ்தாவில் குடியிருக்கிறோம். புருஷன் எலாதியோ ஏ.சி. மெக்கானிக். எங்களுக்கு ஒரே மகள், சித்லாலி. ஆறு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் தவம் கிடந்து பெற்றவள். அவள் தும்மினால் எனக்குத் தூக்கம் போய்விடும். "இவளைப் பஞ்சுல சுத்தி அலமாரியில வெச்சுப் பூட்டிடு" என்று எலாதியோ கேலி செய்வான். செய்யட்டும். பெற்றவளுக்குத்தான் தெரியும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, எல்லையைத் தாண்டி ரோசாரிட்டோவுக்குத் தெற்கே கடற்கரைக்குப் போனோம். மெக்சிகோவுக்குள் போகும்போது யாரும் ஒன்றும் கேட்பதில்லை. திரும்பும்போதுதான் குடைவார்கள். தங்கப் போன வீடு அன்செல்மோவுடையது. கடலைப் பார்த்த மேட்டின் விளிம்பில் இருக்கிறது. அவர் சித்லாலியின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் பிள்ளையைக் கையில் ஏந்தியவர், அதனால் எங்களுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. சொந்தத்தைவிட ஒரு படி மேல்.

"சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு. பின்பக்கம் கயிறு கட்டியிருக்கேன். அதைத் தாண்டிப் போயிடாதீங்க" என்று போனில் சொல்லியிருந்தார்.

போய்ப் பார்த்தால் கயிறு வீட்டின் பின்கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. போன வருஷம் அந்த முற்றத்தில்தான் இறைச்சி சுட்டுத் தின்றோம். இப்போது முற்றத்தில் பாதி இல்லை. அடுப்பு இருந்த இடத்தில் வெறும் காற்று. மேட்டு மண் பிளந்து, உடைந்த குழாய் ஒன்று வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு மழை. அப்புறம் கொம்பாத்ரே இதைப் படகு வீடுன்னு வாடகைக்கு விடலாம்" என்றான் எலாதியோ.

மதியம், கடல் உள்வாங்கியிருந்த நேரம் பார்த்து, நானும் சித்லாலியும் கீழே இறங்கினோம். படிக்கட்டு பாதியில் முடிந்தது. மீதிக்கு யாரோ பலகை ஏணி கட்டியிருந்தார்கள். கீழே மணல் இல்லை. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் உருண்டைக் கற்கள். அலை திரும்பும்போது அவை ஒன்றோடொன்று உரசும். கடகடகட... பீன்ஸ் மூட்டையைச் சிமெண்ட் தரையில் கவிழ்த்த மாதிரி சத்தம்.

அங்கே ஒரு பெண் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

ஆமாம், பெருக்கிக்கொண்டிருந்தாள். நீளத் துடைப்பம் வைத்துக்கொண்டு, கற்களின் மேல். வாடகை வீடுகளில் வேலை செய்கிறவள் போல, பெருக்கச் சொல்லி யாரோ அனுப்பியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வயது இருக்கும். தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் காலை எடுத்து வைத்தால் கற்கள் புரண்டன. அவள் காலுக்கடியில் ஒரு கல்லும் அசையவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் மனதில் ஏறவில்லை.

"அழகான பொண்ணு. கண்ணு பட்டுடப் போகுது" என்றாள். எங்கள் வழக்கப்படி உடனே சித்லாலியின் தலையைத் தொட்டாள். கண்ணேறு படாமல் இருக்கத்தான் தொடுவது. நான் சந்தோஷப்பட்டேன்.

"நீங்க பக்கத்துலயா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீடு இங்கதான் சென்யோரா. ரெண்டாவது வாசல்" என்று கையை நீட்டினாள். கை கடலைக் காட்டியது. கரை வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீடுகளைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்களில் 'என் வீடு' என்று சொல்வது மரியாதை இல்லை. 'உங்கள் வீடு' என்றுதான் சொல்ல வேண்டும். "உங்க வீடு சந்தைக்கு எதிர்ல இருக்கு" என்று ஒருவர் சொன்னால் அவர் அங்கே குடியிருக்கிறார் என்று அர்த்தம். கேட்டவர் நன்றி சொல்லி, தன் வீட்டையும் அப்படியே திருப்பிச் சொல்லுவார். அதோடு சரி. அதை நம்பி யாரும் பெட்டி படுக்கையோடு வந்து நிற்பதில்லை.

நானும் சொன்னேன். "ரொம்ப நன்றி. சூலா விஸ்தாவுலயும் உங்களுக்கு ஒரு வீடு இருக்கு. எப்ப வேணா வாங்க."

அவள் பெருக்குவதை நிறுத்தினாள்.

"நிஜமாவா?"

அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நிஜமாத்தான்" என்றேன்.

"எனக்கு இங்க வேலை இருக்கு சென்யோரா. மண்ணு வந்துட்டே இருக்கு. பொண்ணை மட்டும் அனுப்பட்டுமா? இவ உசரம்தான் இருப்பா. ஒரு தொந்தரவும் பண்ண மாட்டா."

"தாராளமா அனுப்புங்க. இவளுக்கும் துணை ஆச்சு" என்றேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அவள் முகத்தைப் பார்த்தேன். அழுகிறாளா, தலையிலிருந்து தண்ணீர் வழிகிறதா என்று சொல்ல முடியவில்லை. சித்லாலி என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். "மம்மி, மேல போலாம்." கடலை விட்டு வர அழுகிற பிள்ளை, தானாகவே ஏணியைப் பார்த்து நடந்தாள்.

ஐந்தரை மணிக்கு மூடுபனி வந்தது. வந்தது என்றால், கதவைத் திறந்து ஆள் உள்ளே வருகிற மாதிரி வந்தது. கடல் தெரியவில்லை. கயிறு தெரியவில்லை. கற்களின் சத்தம் மட்டும் கிட்டத்தில் கேட்டது. நான் அடுப்படியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எலாதியோ கேஸ் சிலிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"சித்லாலி?" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன்.

பின்கதவு திறந்து கிடந்தது.

"நீ ரோட்டுப் பக்கம் பாரு!" என்று எலாதியோவிடம் கத்திவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு படியில் ஓடினேன். டார்ச் வெளிச்சம் பனியில் மோதி என் முகத்துக்கே திரும்பியது. கடல் ஏறியிருந்தது. மதியம் நாங்கள் நின்ற இடத்தில் இப்போது அலை அடித்தது.

"சித்லாலி!"

கடகடகட...

"மிஜா, என் மகளே! எங்கடி இருக்கே?"

கடகடகட... பிறகு, ஏணிக்கு அடியில், மிகக் கிட்டத்தில்...

"இங்க."

சின்னக் குரல். கையை நீட்டினேன். ஒரு சின்னக் கை அதில் வந்து விழுந்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. அப்படியே இழுத்து ஏணியில் ஏற்றினேன். உயிர் திரும்பி வந்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது. திட்டிக்கொண்டே ஏறினேன்.

"காலை உடைக்கிறேன் பாரு. உங்கப்பா கேட்கட்டும். அறிவிருக்கா உனக்கு?"



பின்னால் சளப்... சளப்... என்று ஈரக் கால்.

வாய் ஓயாத பிள்ளை. ஒரு வார்த்தை பேசவில்லை.

"செருப்பு எங்கே?"

சளப்... சளப்...

மேலே வந்துவிட்டோம். பனிக்குள் வீட்டு விளக்கு மஞ்சளாகத் தெரிந்தது. அப்போது வாசல் பக்கமிருந்து எலாதியோ கத்தினான்.

"இமெல்தா! கிடைச்சுட்டா! கார்ல தூங்கிட்டிருக்கா!"

நின்றேன்.

என் கை இன்னும் எதையோ பிடித்திருந்தது.

திரும்பவில்லை. கையை விட்டேன்.

அது விடவில்லை.

"மாதாவே..." என்றேன். சத்தம் வெளியே வந்ததா, தெரியாது.

அப்புறம் அந்த விரல்கள் தாமாகவே பிரிந்தன. இடுப்பை உரசிக்கொண்டு ஏதோ என்னைத் தாண்டிப் போனது. நல்ல முறையில் வளர்த்த பிள்ளை சொல்கிற மாதிரி, மெதுவாக ஒரு குரல்.

"வழி விடுங்க சென்யோரா."

சளப்... சளப்... வாசல் பக்கம் போனது.

கார்க் கதவு மூடும் சத்தம்.

டப்.

ஓடினேன். எலாதியோ காருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான். சத்தம் வந்தது அந்தப் பக்கக் கதவிலிருந்து. உள்ளே சித்லாலி பொம்மையைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். உலர்ந்த உடுப்பு. சூடான கன்னம். என் உள்ளங்கையில் ஈரமும் மண்ணும்.

"கிளம்பு" என்றேன்.

"மீன் அடுப்புல..."

"எலாதியோ, கிளம்பு!"

என் முகத்தைப் பார்த்தான். கார்ச் சாவியை எடுத்தான்.

டிஹுவானாவில் எல்லையைத் தாண்டும் கார் வரிசை வழக்கம்போல முடிவில்லாமல் நீண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் சூரோ பலகாரமும் போர்வையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். விளக்கு வெளிச்சம், ஆள் நடமாட்டம். கொஞ்சம் தைரியம் வந்தது. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டுக் கட்டிலில் கைகாலைப் பரப்பிப் படுக்கிற பிள்ளை, ஒரு ஓரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். பக்கத்தில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது.

சோதனைச் சாவடி அதிகாரி வயதானவர். பாஸ்போர்ட்டுகளை வாங்கினார். டார்ச்சைப் பின்சீட்டில் அடித்தார்.

"மூணுதானே இருக்கு. இன்னொரு குழந்தையோடது எங்கே?"

எலாதியோ சிரிக்கப் பார்த்தான். "எங்களுக்கு ஒரே பொண்ணுதான் சார்."

"அப்ப ஜன்னல் ஓரத்துல இருக்கறது யாரு?"

நாங்கள் இருவரும் திரும்பவில்லை. என்னால் முடியவில்லை. அவனாலும் முடியவில்லை.

அதிகாரி இறங்கிச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். குனிந்தார். சீட்டைத் தொட்டுப் பார்த்தார். சட்டென்று கையை இழுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். எங்களைப் பார்க்காமலே பாஸ்போர்ட்டுகளை நீட்டினார்.

"போங்க" என்றார். "சீக்கிரம் போங்க."

அதற்குப் பிறகு எலாதியோ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அன்செல்மோ போன் செய்தார். வீட்டை ஏன் திறந்து போட்டுவிட்டு வந்தோம் என்று கேட்டார். நான் கீழே பார்த்த பெண்ணைப் பற்றிச் சொன்னேன். துடைப்பத்தைச் சொன்னேன். இரண்டாவது வாசல் என்றதை, கரை வளைவுக்கு அந்தப் பக்கம் என்று நான் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன்.



"அங்க வளைவுல எல்லாம் வீடு கிடையாது கொமாத்ரே" என்றார். "நம்ம வீட்டுக்குக் கீழே முன்னாடி இன்னொரு வரிசை இருந்துச்சு. பத்து வருஷத்துக்கு முன்னால ஒரு மழையில, ராத்திரியோட ராத்திரியா மொத்தமும் கடலுக்குள்ள போயிடுச்சு. ரெண்டாவது வீட்டுல லிப்ராதான்னு ஒருத்தி இருந்தா. அவளும் அவ பொண்ணும்."

"ரெண்டு பேருமா போனாங்க?"

"ஆமா. அன்னிக்குச் சாயங்காலமே சுவர் வெடிக்க ஆரம்பிச்சுடுச்சு. அவ மேல ஏறி வந்து வீடு வீடாக் கதவைத் தட்டினா. 'நான் சாமான் எடுத்துட்டு வரேன், பொண்ணை மட்டும் வெச்சுக்கோங்க'ன்னு கேட்டா. எங்க வீட்டுக்கும் வந்தா. ஒருத்தர் கூட வெச்சுக்கல."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு ராத்திரிக்கு ஒரு குழந்தையை வெச்சுக்க மாட்டீங்களா கொம்பாத்ரே? மனுஷங்கதானா நீங்கல்லாம்?"

"எங்க வீட்டுலயும் பிள்ளைங்க இருந்தாங்க" என்றார். "அந்தப் பொண்ணுக்குக் கக்குவான் இருமல். ஒட்டிக்கும்னு பயந்துட்டோம்."

போன் என் கையில் இருந்தது. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சித்லாலிக்கு உடம்பு சரியில்லை என்று அன்று பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னதால், மதியமே அழைத்து வந்திருந்தேன். தடுப்பூசியெல்லாம் போட்ட பிள்ளை. வெறும் ஜலதோஷம் என்று நினைத்தேன். உள்ளறையில் படுத்திருந்தாள். இருமிக்கொண்டிருந்தாள்.

போய்க் கதவைத் திறந்தேன். எழுந்து உட்கார்ந்து இருமினாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் வந்து, மூச்சை உள்ளே இழுத்து ஒருவழியாக நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள்.

அவள் நிறுத்திவிட்டாள்.

கட்டிலின் காலியான பக்கத்தில் இருமல் நிற்கவில்லை.