சூடேறினால் சிவக்கும் வால்வுகள்

அஜந்தாவுக்கு எரிச்சல் வந்தால் சத்தம் போடமாட்டாள். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, கையிலிருக்கும் கம்பி வளைக்கும் குறட்டை மேசையில் மெதுவாக, மிக மெதுவாக வைப்பாள். அந்த மார்ச் மாதம் ஒஸ்லோவின் ஓரத்துக் குரோருட்டில் அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில், குறடு மேசையைத் தொடும் அந்த 'டக்'கைக் கேட்டே கணவர் மகேந்திரராசா வீட்டு நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்.

ஐம்பத்து நான்கு வயது அவளுக்கு. ஒஸ்லோ நகரத்துக்குள் பல் உறை செய்யும் கூடமொன்றில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கிக்கு முன்னால் குனிந்திருந்து, யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லுக்கு மூடி செய்வாள். கொரோனாக் காலத்தில் கூடத்தைப் பூட்டி அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா இருக்க முடியாமல் அமெச்சூர் வானொலிப் பாடத்தை இணையத்தில் படித்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டாள். வீட்டில் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. அவளுக்கும் பெரிய காரணம் ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கம்பியைக் கட்டி, அதன் வழியே யாரென்று தெரியாத ஒருவரோடு கதைக்கலாம் என்பது பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

பழைய வால்வு வானொலி அவளிடம் வந்தது கீழ்த்தளத்து எலியாஸால். எண்பத்தாறு வயது நோர்வேக்காரர். இடுப்பு முறிந்து முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனபோது, மகள் ஜூலியா வீட்டை ஒதுக்கிக் காலிசெய்தாள். பேசவும் கேட்கவும் ஒரே பெட்டியாக இருந்த அந்த வானொலியைக் குப்பைக்குப் போகும் சாமான்களோடு வைத்திருந்தாள். அஜந்தா கேட்டதும் எலியாஸுக்குத் தொலைபேசி எடுத்துக் கொடுத்தாள்.

"கொண்டுபோ," என்றார் அவர். "இருபத்தைந்து வருடமாக வேலை செய்யவில்லை. ஆனால் பின்பக்கம் சிவப்பு மை பூசிய திருகாணிகளோடு ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கும். அதைத் திறக்காதே. அதுக்குள் உள்ள வேலை நான் செய்தது. அது பழுதாகாது."

அஜந்தா வாக்குக் கொடுத்தாள். கொடுத்திருக்கக் கூடாது.

தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. மின்வழங்கியில் காய்ந்துபோயிருந்த கொண்டென்சர்களை, அந்த மின்தேக்கிகளை, மாற்றினாள். அழுக்கேறிய தொடுமுனைகளைத் துடைத்தாள். மின்சாரத்தை ஒரேயடியாகக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். கண்ணாடிக் குமிழ்களான வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் நிறத்தில் கண் விழித்தன. ஒலிபெருக்கியில் இரைச்சல் வந்தது, இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு இத்தாலியக் குரல் வந்தது. அவள் எழும்பி நின்று தனியே கைதட்டினாள்.

வில்லங்கம் வந்தது அவள் ஒலிவாங்கியில் பேசும்போதுதான். ஒலிபரப்பை வெளியே தள்ளும் இரண்டு பெரிய வால்வுகள் முதல் ஐந்து நிமிடம் சொன்னபடி கேட்கும். பிறகு மீற்றர் முள் தானாக ஏறும். கண்ணாடிக்குள்ளே இருக்கும் கறுப்புத் தகடுகள் மெல்லச் சிவக்கத் தொடங்கும். அப்படியே விட்டால் வால்வு செத்துப்போகும். அவள் பாய்ந்து சுவிட்சை நிற்பாட்டுவாள். ஆறவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஐந்து நிமிடம் வேலை செய்யும்.

அந்த வால்வுகளைக் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடிப்பது ஒரு எதிர்மின்னழுத்தம். அது தளர்ந்தால்தான் அவை இப்படிச் சிவக்கும். இவ்வளவும் அஜந்தாவுக்குத் தெரியும். ஆனால் அந்த அழுத்தம் புறப்படும் இடத்தில் அளந்தால் ஒரு குறையும் இல்லை. போய்ச் சேரும் இடத்தில் அளக்க வேண்டும். போய்ச் சேரும் இடமோ சிவப்பு மைத் திருகாணிப் பெட்டிக்குள்.

ஒரு சனிக்கிழமை, மேசையில் இடம் போதாமல் வானொலியைப் பல்கணிக்குத் தூக்கிப்போனாள். வெளியே இன்னும் பனி கிடந்தது. அங்கே அரை மணித்தியாலம் ஓடியும் முள் அசையவில்லை.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ!" என்று கூப்பிட்டாள்.

மகேந்திரராசா போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே கிடக்கு. அப்ப திருத்தியாச்சு எண்டு சொல்லும்."

"ஒண்டும் திருத்தேல்லை. ஒரு சாமானும் மாத்தேல்லை. சும்மா வெளியிலை கொண்டந்து வைச்சனான், நல்லாயிட்டுது. அதுதான் எனக்கு விசர் வருது."

"பின்னை வெளியிலையே வைச்சுக் கதையுமன்."

"மழை பெய்தா?"

"குடை பிடிக்கிறன்," என்றார் அவர்.

உள்ளே கொண்டுவந்து வைத்தாள். ஐந்தாவது நிமிடம் தகடுகள் சிவந்தன. குறடு மேசையில் மெதுவாக இறங்கியது. மகேந்திரராசா தேநீர் போடும் சாட்டில் குசினிக்குள் போனார்.

இதற்கிடையில் எலியாஸ் ஒவ்வொரு காலையும் தொலைபேசி எடுத்தார். பராமரிப்பு இல்லத்தில் அவருக்கு வேறு வேலை இல்லை.

"மின்மாற்றியைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். நல்லாயிருக்கிறது."

"அப்படியென்றால் வால்வு. எப்போதும் வால்வுதான்."

"அந்தப் பெட்டிக்குள்..."

"பெட்டிக்குள் இருப்பது கடற்படைக்குச் செய்த கொண்டென்சர். நானும் நீயும் செத்த பிறகும் அது இருக்கும். வால்வை மாற்று."

வெளிநாட்டிலிருந்து ஒரு சோடி வால்வு வரவழைத்தாள். வந்து சேரும்வரை வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் அதே நினைவாகவே திரிந்தாள். கூடத்தில் ஒரு பல் உறையை இரண்டாம் முறை செய்ய வேண்டி வந்தது; அது அவளுக்கு நடக்காத விஷயம். பொதி வந்த பின்னேரமே, மேற்சட்டையைக் கழற்றாமல் புது வால்வுகளைப் பொருத்தினாள். ஐந்து நிமிடம். புது வால்வுகளும் பழையவற்றைப் போலவே அழகாகச் சிவந்தன.

அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"எலியாஸ், நான் உங்கள் பெட்டியைத் திறக்கப்போகிறேன்."

"வேண்டாம். நீ வாக்குக் கொடுத்தாய்."

"கொடுத்தேன். அது என்னுடைய முட்டாள்தனம். நீங்கள் சொன்னதற்காக நான் பிழையில்லாத இடமெல்லாம் திருத்திவிட்டேன். இனித் திருத்த ஒன்றும் மிச்சமில்லை."

"கேள், முதலில் மின்மாற்றியை..."

அவள் தொடர்பைத் துண்டித்தாள். தன்னைவிட வயதில் மூத்த ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசியை வைத்தது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். குசினி வாசலில் நின்ற மகேந்திரராசா, "தண்ணி தரட்டே?" என்று மட்டும் கேட்டார்.

சுவர் இணைப்பைக் கழற்றினாள். தேங்கி நின்ற மின்சாரம் இறங்கும்வரை காத்திருந்தாள். இறங்கிவிட்டதா என்று அளந்தும் பார்த்தாள். பிறகு சிவப்பு மையைச் சுரண்டித் திருகாணிகளைக் கழற்றினாள்.

உள்ளே பார்த்ததும் இன்னும் எரிச்சல் கூடியது. அவ்வளவு நேர்த்தி. ஈயப்பற்றுகள் மணிமணியாக மின்னின. வயர்கள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து போயின. நடுவில் மெழுகு பூசிய, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு பழுப்புநிறக் கொண்டென்சர். பார்வைக்கு ஒரு பழுதும் இல்லை. அதன் ஒரு காலை மட்டும் கழற்றினாள். மீற்றர் கவ்விகளைப் பூட்டி, சுவர் இணைப்பையும் கொடுத்துவிட்டு, கையை எடுத்த பிறகே சுவிட்சைப் போட்டாள். முள் அசையவில்லை. மின்சாரம் ஒழுகவில்லை.

பல்கணியில் நல்லாய் இருந்தது, வீட்டுக்குள் கெட்டுப்போனது. குளிரும் சூடும்தான் வித்தியாசம் என்று அஜந்தாவுக்கு உறைத்தது. பிறகு சுவிட்சை நிற்பாட்டி, குளியலறைக்குப் போய், தலைமயிர் உலர்த்தும் கருவியை எடுத்து வந்தாள். மெழுகு பளபளக்கும் அளவுக்குக் கொண்டென்சரைச் சூடாக்கினாள். மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

முள் துள்ளி எழும்பியது.

சூடேறியதும் அது ஒழுகியிருக்கிறது. ஒழுகிய மின்சாரம் போய்க் கடிவாளத்தைத் தளர்த்தியிருக்கிறது. இரண்டு மாதமாக அவள் தேடியது இதைத்தான்! மின்சாரத்தை நிற்பாட்டி, மேசை லாச்சிக்குள்ளிருந்து புதுக் கொண்டென்சர் ஒன்றை எடுத்து ஈயம் வைக்க அவளுக்குத் தேநீர் குடிக்கும் நேரம்கூடச் செல்லவில்லை. பெட்டியை மூடி, மேல்மூடியையும் போட்டு, வீட்டுச் சூட்டிலேயே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டாள். தகடுகள் கறுப்பாகவே இருந்தன.

அடுத்த நாள் மத்தியானம் ஒலிவாங்கியை எடுத்து, தன் அழைப்புக்குறியைச் சொல்லி, யாராவது கேட்கிறீர்களா என்று கூப்பிட்டாள். மூன்றாவது அழைப்புக்கு, வடக்கே பூடோ நகரத்திலிருந்து ஒருவர் பதில் சொன்னார். அங்கே காற்று பலமாம். அவளுடைய குரல் தெளிவாம். ஆனால் பின்னாலே இலேசாக ஒரு ரீங்காரம் கேட்கிறதாம்.

"என்னவாம்?" என்றார் மகேந்திரராசா.

"இரையுதாம்," என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

பின்னேரம் பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். தொலைபேசியை வைத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது, முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்க வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. இரண்டும் வழி முழுக்க அவளுக்குள் அடிபட்டுக்கொண்டு வந்தன. எலியாஸ் யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அவள் பழுப்புநிறக் கொண்டென்சரை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுதான்," என்றாள். "சூடேறினால் ஒழுகுகிறது."

"இருக்க முடியாது."

"தலைமயிர் உலர்த்தியால் சூடாக்கி அளந்தேன். புதியதைப் போட்டேன். ஒரு மணித்தியாலம் ஓடியது, சிவக்கவில்லை."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தாள் அஜந்தா. அவர் வாதாடவில்லை.

"நான் நாலு தரம் வால்வு மாற்றினேன்," என்றார் கடைசியில். "நாலாவதும் சிவந்தது. எனக்கு மூளை மழுங்கிவிட்டது, இனி இதெல்லாம் என்னால் முடியாது என்று நினைத்தேன். மூடிவைத்துவிட்டேன். எனக்கு அப்போது அறுபது வயதுதான்."

தயாராக வைத்திருந்த பதில்களை எங்கே போடுவதென்று அஜந்தாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் இந்தச் சின்னச் சாமானால் வானொலியில் பேசாமல் இருந்திருக்கிறார் என்று நினைக்க நெஞ்சு இளகியது. அதைத் தொடாதே தொடாதே என்று தன்னையும் அலைக்கழித்தாரே என்று நினைக்கக் கோபமும் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"யார் பதில் சொன்னது?" என்று கேட்டார் அவர்.

"பூடோவில் ஒருவர்."

"குரல் எப்படியாம்?"

"இலேசாக ஒரு ரீங்காரமாம்."

எலியாஸ் நிமிர்ந்தார். கண்ணில் பழைய பிடிவாதம் வந்தது. "ஒலிவாங்கி வயர். அதையும் நான்தான் மாற்றினேன். அதிலே ஒரு பிழையும்..." என்று தொடங்கியவர் அவளைப் பார்த்தார். அவள் உதட்டை மடித்துக் கடித்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"நீயே திறந்து பார்," என்றார்.