கரப்பான் கேட்டுப் போன வீடுகள்

ப்ளஸ் டூ விலங்கியல் செய்முறைத் தேர்வுக்குக் கரப்பான் பூச்சியை நாமேதான் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அறுத்து, நரம்பு மண்டலத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். மார்க் குறைந்தால் காலேஜ் கிடையாது, டைப்ரைட்டிங்தான் என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கோ விலங்கியல் மேல் பைத்தியம். ஆய்வகத்து ஜாடிகளில் நட்சத்திர மீனும் ஜெல்லி மீனும் அட்டையும் மிதக்கும். முதுகெலும்பே இல்லாமல் இத்தனை விதமாய் வாழ முடியுமா என்று வாய் பிளந்து நிற்பேன். மண்புழுவின் வளையங்கள் கரப்பானின் வயிற்றிலும் இருக்கின்றன, இரண்டுக்கும் ஏதோ பழைய உறவு என்று டீச்சர் சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது.

தேர்வுக்கு முந்தின நாள் எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் பூச்சி மருந்து அடித்துவிட்டார்கள். டப்பாவில் நான் சேர்த்து வைத்திருந்தவையும் மல்லாந்துவிட்டன. மருந்தில் செத்தது அறுக்க உதவாது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஊருக்கொரு குடும்பமாய் வந்து சேர்ந்த லைன் அது; ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த ஊர் மானத்தைக் காக்கும் பொறுப்பு வேறு. "எங்க வீட்ல ஏதுடி கரப்பான்?" என்று மதுரைக்காரம்மா முறைத்தார். போன வாரம்வரை அவர் அடுப்படியில் மீசை ஆட்டியது என்ன ஜந்துவோ!

எதிர் வீட்டில் மட்டும் நான் கேட்கவில்லை. துணிக்கொடித் தகராறில் அந்த அம்மாவும் என் அம்மாவும் பேச்சை விட்டு வெகுநாள். குழாயடியில் நான் அழுததைப் பார்த்து, அவரே ஒரு தூக்குச்சட்டியோடு வந்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? ஊட்ல கிளி கீதேன்னு நான் மருந்து அடிக்க வுடல. இந்தா, எல்லாம் உசுரோட கீது. எங்கூட்ல புட்சதுன்னு எவளாண்டயும் சொல்லாத, மானம் பூடும்."

மறுநாள் மெழுகுத் தட்டில் வைத்து அறுத்தேன். நமக்கு முதுகில் ஓடும் நரம்பு, கரப்பானுக்கு வயிற்றுப் பக்கம் ஓடுகிறது. வெள்ளை நூலில் சின்னச் சின்ன முடிச்சுகள். டைனோசர்களுக்கும் முன்னால் வந்த குடும்பம், இன்றும் அதே நூலை வைத்துக்கொண்டு ஓடித் திரிகிறது. அந்தச் சந்தோஷம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தேன். காலேஜில் விலங்கியல் கிடைத்த அன்று, அம்மா கேசரி கிண்டி எதிர் வீட்டுக்கு எடுத்துப்போனாள். லைனே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது.

"அப்போ, அந்தக் கரப்பான் இவங்க வீட்டுதா?" என்று மதுரைக்காரம்மா கேட்டார்.

எதிர் வீட்டம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஈ உட்கார்ந்தால்கூட அடுப்பைக் கழுவுகிற என் திருநெல்வேலி அம்மா சட்டென்று திரும்பினாள்.

"எங்க வீட்டுதுதான். அடுப்படியில கூடை கூடையா கெடக்குல்லா!"

எதிர் வீட்டம்மா கேசரியை வாங்கிக்கொண்டு, "உள்ள வந்து குந்துக்கா" என்றார்.