டெலிபோன் இல்லாத பங்களா

எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி மூக்கருகே வைத்துக்கொண்டால் மலைப்பாதையில் குமட்டாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அம்மா ஒரு பை நிறையப் பழம் கொண்டுவந்திருந்தாள். அந்த வாசனையும் பெட்ரோல் நெடியும் வெயிலில் சூடேறிய சீட்டின் வாடையும் கலந்து வந்ததுதான், மலை என்றால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. காரை ஓட்டியவர் என் தாய்மாமா. கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த அவர் புதிதாக அம்பாசடர் வாங்கியிருந்தார். முன்சீட்டில் அப்பா, பின்னால் அம்மாவும் நானும். ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்த வருஷம் அது.

கும்பகோணத்துக்குக் கிழக்கே, குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது எங்கள் ஊர். எந்தப் பக்கம் பார்த்தாலும் வானம் வயலில் வந்து இறங்கும். மலை என்று அம்மா அதுவரை ஏறியிருந்தது சுவாமிமலைக் கோயில் படிகளைத்தான். ஆகவே ஏற்காடு, குன்னூர், ஊட்டி என்று மாமா ஊர் ஊராகச் சொன்னபோது, இந்தப் பயணமே தனக்காகத்தான் என்று அவள் நம்பிவிட்டாள்.

உண்மை வேறு. ஆட்சி மாறிய புதிது. ஊருக்கு ஊர் வரப்புகளில் செங்கொடி ஏறிக்கொண்டிருந்தது. மாசி மாதம், தாளடி நெல் முற்றி நிற்கிறது, கூலிநெல்லைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளை எடுப்போம் என்று எங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அறுப்பாட்களுக்கு முன்நின்று பேசியது சாமிக்கண்ணுவும் அவன் பெண்சாதி அஞ்சலையும். அஞ்சலை எங்கள் கொல்லைப்பக்கம் வந்து அம்மாவோடு மணிக்கணக்கில் கதை பேசுகிறவள். "ஆள் ஊர்ல இல்லேன்னா யாருகிட்ட பேசுவானுவ? நாலு நாள்ல தானா எறங்கி வருவானுவ" என்று அப்பா, எங்கள் பண்ணையைப் பார்த்துக்கொண்ட காரியக்காரரிடம் சொன்னதை நான் கேட்டேன். தினம் சாயங்காலம் ரைஸ்மில் டெலிபோனுக்கு "டிரங்க் கால்" போடுவேன், நான் சொல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்பதும் அப்பாவின் உத்தரவு.

அதனால் எங்கே தங்குவது என்பதை மலை முடிவு செய்யவில்லை, தபாலாபீசு முடிவு செய்தது. ஏற்காட்டில் தபாலாபீசுக்கு எதிர் லாட்ஜு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். குன்னூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு அறை. ராத்திரி முழுக்கப் பஸ் உறுமியது. வழியெல்லாம் சரிவுகளில் ஓட்டுவீடுகளும் தேயிலைத் தோட்டத்து பங்களாக்களும் தெரியும். அம்மா கழுத்தைத் திருப்பிக் கண்ணுக்கு மறைகிறவரை பார்ப்பாள்.

அப்பாவுக்கு இன்னொரு பழக்கம். எந்த இடத்திலும் நுழைந்ததும், "மழை பேஞ்சா தண்ணி ஏறுமா?" என்று கேட்பார். வெள்ளத்துக்குப் பயந்தே வீடு பார்க்கிற ஊர்க்காரர் வேறு எதைக் கேட்பார்! லாட்ஜுக்காரர் புரியாமல் விழித்தபோது மாமா, "அத்தான், இங்க தண்ணி ஏறுதுன்னா நம்ம ஊரு எப்பவோ கடலுக்குள்ள போயிருக்கும், நீங்க அறுப்பப் பத்தியே கவலப்பட வேணாம்" என்றார். அப்பாகூடச் சிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் கோத்தகிரி போகிற பாதையில், தேயிலைச் சரிவின் விளிம்பில் வெள்ளையடித்த பங்களா ஒன்று தனியாக நின்றது. வாடகைக்கு விடுவதாகப் பலகை மாட்டியிருந்தது. அம்மா எலுமிச்சம்பழத்தை மடியில் வைத்துவிட்டு, "இங்க தங்கலாங்க" என்றாள்.

மாமா காரை நிறுத்திவிட்டார். அம்மா அப்பாவிடம் தனக்கென்று ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. அப்பா இறங்கிப் போய்க் காவல்காரரிடம் விசாரித்தார். டெலிபோன் கிடையாது, தபாலாபீசு டவுனில், அதுவும் அடைக்கிற நேரம் என்று தெரிந்தது. திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு ராத்திரிதாங்க. காலையில போயி பேசிக்கலாம்."

"ரெண்டு நாளா அவனுவ வாயே தொறக்கல. இன்னைக்குப் பாத்து..."

"அதான் தொறக்கலையேங்க."

அப்பா வானத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "சரி. ஒரு நாள்ல என்ன முழுகிடப் போவுது" என்று பெட்டியை இறக்கினார்.

அந்தச் சாயங்காலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மேகம் சரிவில் ஏறி வந்து வாசல்வழியாகவே உள்ளே நுழைந்தது. அம்மா கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். காவல்காரர் பெண்சாதி கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு வராந்தாவில் அப்பாவுக்கு எதிரிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். வீட்டில் அப்படி அவள் உட்கார்ந்ததே கிடையாது. அப்பா கம்பளியை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

காலையில் டவுன் தபாலாபீசில் வெகுநேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. வெளியே வந்தபோது அப்பாவின் முகம் வெளிறியிருந்தது. முதல்நாள் சாயங்காலம் அஞ்சலையும் சாமிக்கண்ணும் ஆட்களோடு எங்கள் வாசலுக்கு வந்து, கேட்டதில் பாதி கொடுத்தால் போதும், விடிந்ததும் அறுப்பில் இறங்குகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அப்பாவிடம் சொல்லக் காரியக்காரர் மில்லில் டெலிபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கவில்லை. ஐயாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்தாரோ, தன் சாமர்த்தியத்தைக் காட்ட நினைத்தாரோ, பக்கத்து மிராசு வரவழைத்து வைத்திருந்த வெளியூர் ஆட்களை விடியுமுன் லாரியில் கொண்டுவந்து வயலில் இறக்கிவிட்டார். எங்கள் ஆட்கள் போய் மறித்தார்கள். லாரியில் வந்தவர்கள் தடியால் அடித்ததில் சாமிக்கண்ணுவின் வலதுகை முழங்கைக்குக் கீழே நொறுங்கிவிட்டது.

அப்போதே காரை ஊருக்குத் திருப்பினோம். அப்பா அம்மாவை அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி, ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். நான் டெலிபோனில் பேசியிருந்தால் பாதிக்கு ஒத்துக்கொண்டிருப்பேன் என்று மட்டும் மாமாவிடம் ஒருமுறை சொன்னார். ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு, அதுவரை தான் கால்வைத்திராத அஞ்சலையின் தெருவுக்குப் போனாள். சாமிக்கண்ணு கையில் கட்டோடு உள்ளே படுத்திருந்தான். அஞ்சலை கோபப்படவில்லை, உட்காரவும் சொல்லவில்லை.

"நாங்க வந்து வாசல்ல நின்னப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா என்ன சொல்வாள்? மேகம் பார்த்துக்கொண்டு இருந்தோம் என்றா?

சாமிக்கண்ணு அதற்குப் பிறகு அரிவாள் பிடிக்கவில்லை. அஞ்சலை எங்கள் கொல்லைக்கு வரவில்லை. அப்பா காலத்திலேயே நிலம் பாதி கைமாறிற்று, மீதியை நாங்கள் விற்றோம். அந்த வயலில் ஒரு பகுதி இப்போது சாமிக்கண்ணுவின் பேரன் பெயரில் பட்டாவாகியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மா மட்டும் சாகிறவரை, புடவை நிறம்கூட இது வேண்டும் என்று கேட்கவில்லை.

போன கோடையில் என் மகன் காரில் எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனான். மருமகள் கைபேசியில் ஒவ்வொரு அறையாகப் படம் காட்டி, "எது அத்தை பிடிச்சிருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். சரிவில் தனியாக ஒரு வீடு இருந்தது. விரல் அதன்மேல் போய்விட்டது, ஆனால் வாயில் வந்தது, "அங்க போன் எடுக்குமாம்மா?" என்பதுதான்.

மகன் ஓட்டிக்கொண்டே சிரித்தான். "ஊர்லேருந்து உனக்கு யாரும்மா போன் பண்ணப்போறா?"

நினைத்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. ஒருவரும் இல்லை.