தம்பிக்கு வைத்த தட்டு

ஜெர்மன் பேசும் ஊஸ்டர் நகரத்து முதியோர் இல்லத்தில் நான் மேசை துடைத்த காலம் அது. அங்கே நெடிய உக்ரேனியக் கிழவர் ஒருவர் இருந்தார். ஜனவரியில் வரும் தங்கள் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்துத் தேன் விட்ட கோதுமை போடுவார். ஒருவரும் வரவில்லையே என்று அதை எடுக்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

“விடு, அது செத்துப்போன என்ர தம்பிக்கு.”

“ரஷ்யாக்காரர் சுட்டவையோ?” என்று அரைகுறை ஜெர்மனில் கேட்டேன்.

“இல்லை. ரஷ்யாவை எதிர்த்த எங்கட இயக்கம் ரெண்டா உடைஞ்சது. அவன் ஒரு பக்கம், நான் மற்றப் பக்கம். சுட்டது என்ர பக்கம்தான்.”

ஊரில் என் மகன்மார் இருவரும் வெவ்வேறு விடுதலை இயக்கங்களில் இருந்தார்கள். அந்த இயக்கங்கள் அப்போது ஒன்றையொன்று சுடத் தொடங்கியிருந்தன.

தம்பியைச் சுடப்போவது அவருக்கு முன்பே தெரியுமோ என்று கேட்க வாயெடுத்தேன். என் மூத்த மகனின் முகம் நினைவுக்கு வந்தது. கேட்காமலே மற்றத் தட்டுகளைக் கழுவப் போனேன்.