திண்டிவனத்தில் வேர்த்த சுவர்

பிள்ளைகளே, ஒரு சித்திரை மாதம், மழை பெய்து பல மாதமான பிறகு, திண்டிவனத்தில் ஒரு சுவர் நனைந்தது. அந்தக் கட்டடத்துக்கு நான் மேஸ்திரி. முதலில் பார்த்தவனும் நான்தான்.

நாங்கள் கட்டிக்கொண்டிருந்தது ஒரு சினிமா தியேட்டர். கீற்றுக் கொட்டகைகள் போய்க் கல் கட்டடங்கள் வந்துகொண்டிருந்த ஐம்பதுகள் அவை. திரை மாட்டப்போகும் பெரிய சுவருக்குப் பூச்சு முடிந்து, சுண்ணாம்பும் அடித்து, நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், சுவரெல்லாம் பொடிப்பொடியாக வேர்வை. ஆள் உயரம் வரைக்கும் ஈரம், அதற்கு மேலே காய்ந்தே இருந்தது. ஈரத்தின் விளிம்பு நூல் பிடித்தாற்போல் மட்டமாக இருந்தது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கடல் அங்கிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய தூரம்.

சித்தாட்களுக்குத் தலைவி அஞ்சலையக்கா. அவள் வந்து சுவரை முகர்ந்து பார்த்தாள். நானும் முகர்ந்தேன். சுண்ணாம்பு வாடை இல்லை. பழைய கயிறும் தாரும் சேர்ந்த வாடை, படகடியில் வருமே, அது.

"மேஸ்திரி, வந்துட்டாங்க" என்றாள்.

"யாருக்கா?"

"யாரா? நான் கூப்புட்டவங்கதான்."

அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று தெரிய, அந்தச் சுவரின் செங்கல் வந்த இடத்தைச் சொல்ல வேண்டும்.

ஊர்வாசல்

மரக்காணத்துக்கு அந்தாண்டை, கடலோரத்தில் ஒரு பழைய கோட்டைப் பட்டினம் கிடந்தது. ஒரு காலத்தில் கப்பல் வந்து சரக்கு இறக்கிய ஊராம். பிறகு பீரங்கி போட்டு உடைத்தார்கள், ஜனம் போய்விட்டது, மணல் வந்துவிட்டது. தெருக்கள், கிடங்குகள், கிணறு எல்லாம் பாதி மணலுக்குள். எங்கள் காண்டிராக்டர் முதலாளி அந்த இடிபாட்டை ஏலத்தில் எடுத்திருந்தார். சூளைச் செங்கல்லைவிட மலிவு, உறுதியும் அதிகம்.

எங்கள் பக்கத்து இடிப்பு ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய வீட்டை இடித்து அந்தச் செங்கல்லில் புது வீடு கட்டுவதானால், கடப்பாரை போடும் முன்பு வாசலில் நின்று, "உள்ள இருக்கறவங்க எல்லாம் எங்ககூட வந்துடுங்க. போற எடத்துல உங்களுக்கும் எடம் இருக்குது" என்று கூப்பிடுவார்கள். வீட்டோடு இருப்பது எதுவோ அது அனாதையாகி நிற்கக் கூடாது என்பதற்காக. கூப்பிடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பல வீட்டு வாசலில் நானே கேட்டிருக்கிறேன்.

கோட்டைக்குப் போன முதல் நாள், அஞ்சலையக்கா நேரே ஊர்வாசலில் போய் நின்றாள். நிலத்தைப் பார்த்த வாசல் அது.

லாரி டிரைவர் காதர் பாய், கோட்டக்குப்பத்துக்காரர், சிரித்தார். "இன்னா அஞ்சல, ஒரு வூடா இது? ஊரே கெடக்குது. அத்தினி பேரும் வந்தா என் லாரி தாங்குமா?"

"நின்னுக்கினு வருவாங்க பாய். நீ ஜல்தி ஜல்தியா ஓட்டாத, அது போதும்."

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்காமல், வழக்கமான சொல்லை வழக்கம்போல் சொல்லிக் கூப்பிட்டாள். சுவரை இடித்தோம். லாரி ஏற்றினோம். எத்தனையோ லோடு ஓட்டிப் பார்த்த காதர் பாய், அன்றைக்குத் திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி, ஒரு சுற்று சுற்றி டயரைப் பார்த்தார். "பேஜாரா இருக்குது மேஸ்திரி. கல்லு ஏத்துன மாதிரியே இல்ல. திருவிழாவுக்கு ஆள ஏத்திக்கினு வர மாதிரி அசையுது" என்றார். அப்போதும் சிரித்தோம்.

திரைச் சுவரில் ஆள் உயரம் வரைக்கும்தான் கோட்டைச் செங்கல். அதற்கு மேலே சூளைச் செங்கல். இப்போது உங்களுக்கு அந்த ஈரத்தின் மட்டம் புரிந்திருக்கும்.

இன்ஜினியர் சொன்னது

முதலாளி ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். கடற்கரையில் காலம்காலமாக உப்பு குடித்த செங்கல், மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று ஊருக்குள் வந்ததும் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கிறது என்றார். இனி எடுக்கும் செங்கல்லை முதலில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்றார். அவர் சொன்னது சரிதான். காற்று வராத நாளில் சுவர் காய்ந்தே இருந்ததை நானே பார்த்தேன்.

ஆனால் அந்தத் தார் வாடையைப் பற்றிக் கேட்டேன். அவர் முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளிக்கு வழி தெரிந்துவிட்டது. ஊறவைக்கத் தொட்டி கட்டிவிட்டு, தியேட்டரை ஒட்டி ஒரு லாட்ஜும் கட்டுவதாகச் சொன்னார். அதற்கு வேண்டிய செங்கல்லுக்கு, கோட்டையின் கடலைப் பார்த்த கடல்வாசலை உடைக்க வேண்டும். கோட்டையில் மிச்சம் நின்ற பெரிய வாசல் அது ஒன்றுதான். கடலோரச் சுவர் முழுக்க அதன் வளைவில்தான் சாய்ந்து நின்றது. அதை எடுத்தால் சுவர் சரியும், அதன் மறைவில் இருக்கும் தெருவும் கிடங்கும் கடலுக்குப் போகும். பட்டினம் என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது.

அஞ்சலையக்கா வர மாட்டேன் என்றாள். "ஏற்கெனவே அரை ஊரு தியேட்டர் சொவத்துல நிக்குது. இருக்கற மிச்சத்தையும் கூப்புட நான் ஆளு இல்ல சாமி."

முதலாளி விழுப்புரத்திலிருந்து வேறு ஆட்களை ஏற்றி வந்தார்.

கடல்வாசல்

விழுப்புரத்து ஆட்கள் லாரியை விட்டு இறங்கியதும் அவர்கள் பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "கூப்ட்டாச்சா?"

"அதான் அப்பவே கூப்ட்டாச்சே" என்றார் முதலாளி.

"அது அந்த வாசலுங்க. இது வேற வாசல். கூப்புடாம எங்க ஆளு கைய வைக்க மாட்டாங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "யோவ் மேஸ்திரி, நீ கூப்புடுயா. நாலு வார்த்த. உனக்கு வாய் இல்ல?"

வாய் இருந்தது. வீட்டில் உங்கள் அம்மாவும், அவள் வயிற்றில் உங்கள் பெரிய அண்ணனும் இருந்தார்கள். அந்த வேலை ஒன்றுதான் எனக்கு இருந்தது. நான் போய் வாசலில் நின்றேன்.

வெயில் நேரம். காற்று இல்லை. வளைவுக்குள் பார்த்தால் மணலும், இரண்டு பக்கமும் இடிந்த சுவரும்தான். ஆனால் அந்த அமைதி வெறும் இடத்து அமைதி இல்லை. நாம் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்வார்களே, அப்படி. பஸ் ஸ்டாண்டில் மூட்டை முடிச்சைத் தலையில் ஏற்றிக்கொண்டு, வண்டி திரும்புகிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அந்த நிற்பு அங்கே இருந்தது. அரை ஊர் போனது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். ஒருவர் பாக்கி இல்லாமல் வருவார்கள். அவர்களை நான் எங்கே வைப்பேன்? லாட்ஜிலா?

காண்பதற்கு எதுவும் இல்லை.

"யாரும் வராதீங்க" என்றேன். குரல் வளைவில் பெரிதாகி உள்ளே போனது. "இங்கயே இருங்க. இது உங்க ஊரு."

பிறகு உள்ளேயிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. தலைச்சுமையை மணலில் இறக்கி வைத்தால் "தொப்" என்று கேட்குமே, அது. ஒன்று கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் தெரு நெடுகக் கேட்டது.

மணல் சரிந்திருக்கலாம். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

திரும்பினேன். விழுப்புரத்து ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "இருக்கச் சொன்ன எடத்துல நாங்க கைய வைக்க மாட்டோமுங்க" என்றார்.

"உன் சீட்டு கிழிஞ்சுதுயா!" என்று முதலாளி என்னைப் பார்த்துக் கத்தினார். கிழிந்தது. திண்டிவனத்துக்கு நடந்தே வந்தேன்.

பிறகு

எந்த ஊரிலிருந்தும் அவருக்கு இடிப்பு ஆள் கிடைக்கவில்லை. ஏலக் கெடு முடிந்தது. பல வருஷம் கழித்து, சர்க்கார் ஆட்கள் வந்து எல்லைக் கல் நட்டு, தொடக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். கடல்வாசல் நிற்கிறது. நீங்களும் போய்ப் பார்க்கலாம், உள்ளே போகும்போது மெல்லப் பேசுங்கள்.

எனக்கு விழுப்புரத்தில் வேறு கட்டட வேலை கிடைத்தது. அதில்தான் உங்களை வளர்த்தேன். நீங்களும் நாளைக்கு எங்காவது கட்டவோ இடிக்கவோ போவீர்கள். புது ரோடு வேண்டும், புதுக் கட்டடம் வேண்டும், அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றை எடுக்கும் முன்பு, அங்கே இருப்பதை எங்கே வைக்கப் போகிறோம் என்று மட்டும் கேளுங்கள். பதில் இல்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தியேட்டர் பிறகு திறந்து, படம் ஓடியது. மத்தியான ஆட்டத்துக்குப் போனால் இன்றைக்கும் திரைக்குக் கீழே ஈர வாடை வரும். அஞ்சலையக்கா ஒரு தடவை அந்தச் சுவரடியில் போய், அவர்களைத் திரும்பிப் போகச் சொல்ல வாய் திறந்தாளாம். எங்கள் வழக்கத்தில் கூப்பிடத்தான் சொல் இருக்கிறது, திருப்பி அனுப்பச் சொல் இல்லை. கையால் சுவரைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.